படம் கிடைத்துவிடுகிறது, முடிவுகளை யார் எடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

படங்களையும் பக்கங்களையும் நொடிப்பொழுதில் உருவாக்கித் தரும் கணினிக் கருவிகள் பெருகியதிலிருந்து, வடிவமைப்பாளர்களுக்கு இனி வேலை இருக்குமா என்ற கேள்வி பத்திரிகைகளில் தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகிறது. தங்கள் நாளிதழும் இதைப் பற்றி எழுதியிருக்கிறது. முதலில் அச்சுக்கும் பின்னர் திரைக்குமாகப் பல ஆண்டுகள் இந்தத் தொழிலைச் செய்து, இப்போது இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்தும் வருகிற ஒருவர் என்ற முறையில், இந்த விவாதத்தில் போதிய கவனம் பெறாத ஒரு பகுதியைப் பற்றி எழுத விரும்புகிறேன். வேலைகளின் எண்ணிக்கை குறையுமா கூடுமா என்பதைக் காட்டிலும், அந்த வேலைக்குள்ளே முடிவெடுப்பவர் யார் என்பது மாறிக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வடிவமைப்பு என்றால் அழகாகப் படம் போடுவது, நல்ல வண்ணம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்றே தோன்றும். உண்மையில் அது அடுத்தடுத்து எடுக்கப்படும் எண்ணற்ற சிறிய முடிவுகளால் ஆனது. ஒரு மருத்துவமனையின் வழிகாட்டிப் பலகையை எடுத்துக்கொள்வோம். அதை எவ்வளவு தூரத்திலிருந்து படிப்பார்கள், அதற்கு எழுத்தின் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும், பதற்றத்தோடு உள்ளே வருபவர் முதலில் எந்தச் சொல்லைத் தேடுவார், அம்புக்குறி சொல்லுக்கு முன்னால் வர வேண்டுமா பின்னால் வர வேண்டுமா, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவருக்கு அந்தப் பலகை எப்படித் தெரியும், எழுதித் தரப்பட்ட வரிகளில் எவற்றை எடுத்துவிட்டாலும் பொருள் கெடாது என்று ஒவ்வொன்றாக யோசித்தாக வேண்டும். பலகை சரியாக அமைந்துவிட்டால் இந்த யோசனைகளில் ஒன்றுகூட வெளியே தெரியாது. மக்கள் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுவார்கள், அவ்வளவுதான். வடிவமைப்பாளரின் உழைப்பில் பெரும்பகுதி இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதால்தான், கண்ணுக்குத் தெரிகிற பகுதியைக் கருவி செய்யத் தொடங்கியதும் முழு வேலையையும் கருவியே செய்துவிடும் என்ற எண்ணம் எளிதில் பரவிவிடுகிறது.

தொழில்நுட்பம் இந்தத் தொழிலைப் புரட்டிப் போடுவது இது முதல் முறையல்ல. கணினி வருவதற்கு முன் ஒரு பக்கத்தை உருவாக்க, அச்சுக்கோத்து எடுத்த எழுத்துத் தாள்களைக் கத்தியால் வெட்டி, மெழுகோ பசையோ தடவி, அட்டையில் நேர்கோடு பார்த்து ஒட்டினார்கள். தலைப்புகளுக்கு 1961-இல் சந்தைக்கு வந்த லெட்ராசெட் தாளை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேய்த்துப் பதிய வைத்தார்கள். ஓர் எழுத்து அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் தேய்க்க வேண்டியிருந்தது. 1984-இல் மெக்கின்டாஷ் கணினியும், பக்கத்தின் அமைப்பை அச்சுப்பொறிக்குச் சொல்லும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும், அடுத்த ஆண்டே லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளும் வந்தன. சில ஆண்டுகளுக்குள் அச்சுக்கோப்பவர்கள், ஒட்டுவேலை செய்தவர்கள், நெகட்டிவ் எடுக்கும் கேமராவை இயக்கியவர்கள் எனப் பலருடைய கைத்தொழில் தேவையற்றதாகிவிட்டது. அந்த மாற்றத்தைச் சாதனைக் கதையாக மட்டும் சொல்பவர்கள் அவர்களை மறந்துவிடுகிறார்கள். அவர்கள் செய்த வேலை மறையவுமில்லை. எழுத்துக் கோப்பது, பிழை பார்ப்பது, வண்ணம் பிரிப்பது எல்லாமே வடிவமைப்பாளரின் மேசைக்கு வந்து சேர்ந்தன. அவர்கள் பெற்ற ஊதியம் மட்டும் கூடவே வரவில்லை.

ஆனால் அந்த மாற்றம் கைவேலையை எடுத்துக்கொண்டதே தவிர, முடிவுகளை எடுத்துக்கொள்ளவில்லை. இதற்கு நான் எப்போதும் சொல்லும் சான்று, மெக்கின்டாஷ் கணினியின் முதல் சின்னங்களை வரைந்த சூசன் கேர் அவர்களின் பணி. திரையில் ஒரு சின்னத்துக்கு ஒதுக்கப்பட்ட இடம் 32-க்கு 32 புள்ளிகள்தான். அவர் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிப் பார்த்துத் தம் சின்னங்களை உருவாக்கினார். மொத்தம் 1,024 கட்டங்கள். ஒவ்வொன்றும் கறுப்பா வெள்ளையா என்பதை ஒரு மனிதர் தீர்மானித்தார். மூலையில் ஒரு புள்ளியை எடுத்தால் கோடு மென்மையாகுமா, புன்னகையின் ஓரத்தில் ஒரு புள்ளியைச் சேர்த்தால் கணினி நட்பாகத் தெரியுமா என்பவை அந்தக் கட்டங்களுக்குள் நடந்த சிந்தனைகள். தொழில்நுட்பம் மிகவும் குறுகலாக இருந்த காலத்தில் அதன் ஒவ்வோர் அணுவும் ஒருவருடைய பொறுப்பில் இருந்தது.

பின்னர் வந்த கருவிகளும் இந்தப் பொறுப்பைக் குறைக்காமல் கூட்டவே செய்தன. படங்களைத் திருத்த உதவும் போட்டோஷாப் மென்பொருள் 1990-இல் வெளியானபோது படத்தின் மேல் செய்த மாற்றம் படத்தோடு கலந்துவிடும். 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பில், ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்படும் தனித்தனி அடுக்குகளான லேயர்கள் அறிமுகமாயின. பின்னணி ஒரு லேயர், உருவம் ஒரு லேயர், நிழல் ஒரு லேயர், எழுத்து ஒரு லேயர் என்று பிரித்து வைக்கும் பழக்கம் அப்போதுதான் வந்தது. இது வெறும் வசதி என்று நினைப்பவர்கள் உண்டு. என் பார்வையில் அது இந்தத் தொழிலுக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடநூல். அனுபவம் மிக்க ஒருவரின் ஃபைலைத் திறந்து, லேயர்களை ஒவ்வொன்றாக அணைத்தும் எரியவிட்டும் பார்த்தால், அவர் எதை முதலில் வைத்தார், எங்கே மனம் மாறினார், எந்த நிழலை வரைந்துவிட்டுப் பிறகு வேண்டாமென்று மறைத்து வைத்தார் என்பதெல்லாம் தெரியும். வேண்டாம் என்று அவர் ஒதுக்கியவற்றிலிருந்துதான் நான் அதிகம் கற்றேன். என்னோடு வேலை செய்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

திரைகள் பெருகியபோது வேலையின் இயல்பே விரிந்தது. 2007-இல் ஐபோன் வந்தபின், அகலம் தெரிந்த பக்கம் என்பதே இல்லாமல் போனது. ஒரே பக்கம் உள்ளங்கை அளவிலும் சுவர் அளவிலும் படிக்கப்பட வேண்டும் என்ற நிலைக்கு 2010-இல் ஈதன் மார்கோட் என்ற வடிவமைப்பாளர் முன்வைத்த, திரையின் அகலத்துக்கேற்பப் பக்கம் தானே மாறிக்கொள்ளும் ரெஸ்பான்சிவ் முறை ஒரு வழியைக் காட்டியது. அன்றிலிருந்து நாங்கள் பக்கங்களை வடிவமைப்பதைவிட, பக்கம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதிகளை வடிவமைப்பதே அதிகம். திரை குறுகும்போது எந்தப் பத்தி கீழே இறங்கும், எந்தப் படம் வெட்டப்படும், வெட்டினாலும் முகம் தப்புமா என்பன அந்த விதிகள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1 என்ற அளவுக்குக் குறையக் கூடாது என்று வலைத்தள அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. வெளிர்சாம்பல் எழுத்தை வெள்ளையில் வைத்து நேர்த்தி என்று பெருமைப்பட்ட பலரை அந்த எண் திருத்தியிருக்கிறது. டிஜிட்டல் தொழில்நுட்பம் எங்கள் தொழிலுக்குச் செய்த நன்மைகளில் இதை முதலிடத்தில் வைப்பேன். யாருக்காக வேலை செய்கிறோம் என்ற எல்லையை அது அகலப்படுத்தியது.

அளவிடுதல் எல்லா இடத்திலும் இப்படி நன்மை செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூகுளில் பணியாற்றிய டக்ளஸ் போமன் என்ற வடிவமைப்பாளர் 2009-இல் அந்த நிறுவனத்தை விட்டு விலகியபோது, அங்கிருந்த ஒரு குழு இரண்டு நீலங்களில் எது என்று முடிவு செய்ய இயலாமல் இடைப்பட்ட 41 நீலங்களைச் சோதித்துப் பார்த்ததைக் குறிப்பிட்டிருந்தார். எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் எண்ணக்கூடியது மட்டுமே காரணமாகக் கொள்ளப்படும் இடத்தில், எண்ண முடியாத மரியாதை, நிதானம், தெளிவு போன்றவற்றுக்காக வாதாடுபவரின் குரல் எடுபடாது. உலாவியிலேயே பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய வழிசெய்த ஃபிக்மா போன்ற கருவிகளும் இதே வகையில் இருபக்கமும் உள்ளவை. தொலைவில் இருப்பவர்களோடு சேர்ந்து வேலை செய்வது எளிதாகிவிட்டது. அதே வேளையில், அரைகுறையாக இருக்கும் யோசனையின் மேலேயே வாடிக்கையாளரின் பெயர் தாங்கிய அம்புக்குறி வந்து நிற்கிறது. தவறான வழியில் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துத் திரும்பும் தனிமை இந்தத் தொழிலுக்குத் தேவை. அது குறைந்துவருகிறது.

கருவிகள் எங்கள் கையை விட்டுப் போனதும் இக்காலத்தில்தான். 2013-இல், போட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் தன் மென்பொருள்களின் புதிய பதிப்புகளைச் சந்தாவுக்கு மட்டுமே தருவதென அறிவித்தது. அதன் விளைவு என்ன என்பது 2022 இறுதியில் பலருக்கும் புரிந்தது. அச்சில் வண்ணத்தைத் துல்லியமாகக் குறிப்பிடப் பயன்படும் பான்டோன் வண்ணத் தொகுப்புகளில் பெரும்பாலானவை அந்த மென்பொருள்களிலிருந்து நீக்கப்பட்டபோது, தனிச் சந்தா கட்டாதவர்கள் தங்கள் பழைய ஃபைல்களைத் திறந்தால் அந்த வண்ணங்கள் இருந்த இடம் கறுப்பாகத் தெரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் யோசித்துத் தேர்ந்தெடுத்த வண்ணம், அவர் செய்யாத ஒப்பந்தத்தால் அவருடைய ஃபைலிலேயே இல்லாமல் போனது. இதைச் சிறிய விஷயமாக நான் கருதவில்லை.

இவற்றுக்கெல்லாம் பிறகுதான் 2022 வருகிறது. அந்த ஆண்டு ஏப்ரலில் டால்-ஈ 2 அறிவிக்கப்பட்டது. ஜூலையில் மிட்ஜர்னி பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. ஆகஸ்டில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் வெளியானது. சில சொற்களைத் தட்டச்சு செய்தால் படம் வந்துவிடுகிறது. நானும் இக்கருவிகளைப் பயன்படுத்துகிறேன். ஒரு யோசனை எந்தத் திசையில் போகலாம் என்று தொடக்கத்தில் பார்ப்பதற்கும், புகைப்படத்தின் பின்னணியை ஓரத்தில் சற்று நீட்டுவதற்கும், தலைமுடியைச் சுற்றி வெட்டி எடுக்கும் சலிப்பூட்டும் வேலைக்கும் அவை மிகவும் உதவுகின்றன. அவற்றைத் தடை செய்ய வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் சேரவில்லை.

ஆனால் இந்தக் கருவிகள் தருவது முன்பு வந்த கருவிகள் தந்ததைப் போன்றதன்று. பக்கத்துக்கு 1,024 புள்ளிகள் கொண்ட ஒரு சதுரப் படத்தில் பத்து லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் எந்தப் புள்ளியையும் யாரும் தீர்மானிக்கவில்லை. தட்டையான ஒரே படமாக அது வந்து நிற்கிறது. நிழலைத் தனியாகத் தொட முடியாது. கோட்டைப் பிடித்து இழுக்க முடியாது. எழுத்து இருந்தால் அது எழுத்தாக இல்லாமல் எழுத்தைப் போன்ற உருவமாகவே இருக்கும். அச்சுக்கு வழக்கமாகக் கேட்கப்படும் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் பார்த்தால் அந்தப் படம் மூன்றரை அங்குல அகலத்துக்குக்கூடப் போதாது. பெரிதாக்கினால் இல்லாத நுணுக்கங்களைக் கருவி தானே கற்பனை செய்து நிரப்புகிறது. திரையில் பளிச்சென்று தெரிந்த நீலம் அச்சு மைக்கு மாறும்போது மங்கிவிடுகிறது. ‘முகம் அப்படியே இருக்கட்டும், கையை மட்டும் சற்றுக் கீழே இறக்குங்கள்’ என்று வாடிக்கையாளர் கேட்டால், மீண்டும் ஒரு படத்தை வரவழைத்து அது அப்படியே அமைய வேண்டுமே என்று காத்திருக்க நேர்கிறது. இந்தக் குறைகளில் பல விரைவில் தீர்ந்துவிடும்; சில இப்போதே தீர்ந்துவருகின்றன. தீராமல் இருக்கப் போவது, அந்தப் படம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு யாரிடமும் காரணம் இல்லை என்ற நிலைதான்.

இதைக் கண்ணெதிரே பார்த்த ஓர் அனுபவம் உண்டு. குழந்தைகளுக்குக் காய்ச்சல் மருந்து கொடுப்பது பற்றிய ஒரு துண்டுப் பிரசுரத்தை, என்னிடம் பயிற்சி பெறும் இளைஞர் ஒருவர் வடிவமைத்துக் கொண்டுவந்தார். படம் கருவியில் எடுத்தது. தாய், மடியில் குழந்தை, ஜன்னல் வழியாக வரும் காலை வெளிச்சம், கையில் மருந்துக் கரண்டி. பார்த்தவுடன் மனத்தைத் தொடும் படம்தான். அந்தக் கரண்டியை மட்டும் நான் காட்டினேன். பிரசுரத்தின் வாசகம் 5 மில்லி என்று சொல்கிறது. படத்தில் தாயின் கையில் இருந்ததோ குழம்பு ஊற்றும் அளவுள்ள பெரிய கரண்டி. படிக்கத் தெரியாத ஒருவர், அல்லது தூக்கமில்லாத இரவில் அவசரமாகப் பார்க்கும் ஒருவர், வாசகத்தை விட்டுவிட்டுப் படத்தைத்தான் பின்பற்றுவார். ‘இந்தக் கரண்டியை ஏன் வைத்தீர்கள்?’ என்று கேட்டேன். அவர் வைக்கவில்லை, அது வந்திருந்தது. கவனக்குறைவானவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். அதே படத்தை அவரே வரைந்திருந்தால், கரண்டியை வரையும் கணத்தில் அதன் அளவைப் பற்றிய கேள்வி அவருக்கு எழுந்தே தீர்ந்திருக்கும். வரைவதில் உள்ள மெதுவான கதிதான் அந்தக் கேள்விக்கு இடம் கொடுத்தது. முழுதாக வந்துவிட்ட படத்தில் கேள்வி எழுவதற்கான இடைவெளி இல்லை. கண் மொத்தப் படத்தையும் ஏற்றுக்கொண்டுவிடுகிறது.

இங்கேதான் நான் மிகவும் அஞ்சும் விஷயத்துக்கு வருகிறேன். அப்படிக் கேள்வி கேட்கும் கண் எவருக்கும் பிறவியில் வருவதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் தள்ளிவிடப்பட்ட, யாரும் விரும்பாத சின்னச் சின்ன வேலைகளில்தான் அது உருவானது. ஒரே விளம்பரத்தைப் பல அளவுகளுக்கு மாற்றித் தருவது அதில் ஒன்று. அகலமான விளம்பரத்தை உயரமான குறுகிய இடத்துக்குள் கொண்டுவரும்போது எல்லாவற்றையும் அப்படியே வைக்க முடியாது. எதை விடுவது? படத்தைச் சிறிதாக்கினால் பொருள் தெரியாது. வாசகத்தைச் சிறிதாக்கினால் படிக்க முடியாது. இலச்சினையைச் சிறிதாக்க மேலாளர் சம்மதிக்க மாட்டார். அந்த இழுபறியை ஒருவர் திரும்பத் திரும்பச் சந்திக்கும்போது, விளம்பரத்தில் உண்மையில் எது முக்கியம் என்று பார்க்கக் கற்றுக்கொள்கிறார். அதேபோல, தலைப்பில் இரண்டு எழுத்துகளுக்கு இடையிலுள்ள வெளியைச் சரிசெய்வது. எல்லா இடைவெளியையும் ஸ்கேலால் அளந்து சமமாக வைத்தால் கண்ணுக்குச் சமமாகத் தெரியாது. வளைந்த எழுத்துகள் அருகருகே வந்தால் சற்று நெருக்க வேண்டும், நேர்க்கால்கள் அருகருகே வந்தால் சற்று விலக்க வேண்டும். இதை யாரும் வகுப்பில் சொல்லிப் புரியவைத்துவிட முடியாது. தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, சொல்லைப் படிக்காமல் வெளியை மட்டும் பார்க்கச் சொல்வார்கள் மூத்தவர்கள். சில மாதங்களில் கண் தானாகப் பழகிவிடும்.

இன்று அளவு மாற்றும் வேலையை ஒரு பொத்தான் செய்கிறது. படத்தை வெட்டி எடுப்பதும், புகைப்படத்திலுள்ள கறைகளை மறைப்பதும், நாலைந்து மாற்று வடிவங்கள் தயாரிப்பதும் கருவியிடம் போய்விட்டன. ஆகவே புதியவர் ஒருவரை வேலைக்கு எடுக்க வேண்டிய தேவை இல்லை என்று அலுவலகங்கள் கணக்குப் போடுகின்றன. அனுபவமுள்ள ஒருவரும் நல்ல கருவிகளும் இருந்தால் போதும் என்கிறார்கள். இன்றைய கணக்கில் அது சரியாகவே வரும். அந்த அனுபவமுள்ளவர் ஓய்வு பெறும்போது அவருடைய இடத்துக்கு யார் வருவார் என்பது அந்தக் கணக்கில் இல்லை. கரண்டியின் அளவைப் பார்க்கும் கண் அவருக்கு எந்த வேலையில் கிடைத்ததோ, அந்த வேலையைத்தான் நாம் நீக்கிக்கொண்டிருக்கிறோம். வாய்ப்பாடு சொல்லாமல் கால்குலேட்டரோடு மட்டும் வளர்ந்தவருக்கு விடை தவறாக வந்தாலும் உறுத்தாது. இதுவும் அப்படிப்பட்ட இழப்புதான்.

கணினி வந்தபோதும் மூத்த தலைமுறை இப்படித்தான் சொன்னது என்று எனக்குப் பதில் சொல்வார்கள். சொன்னது உண்மை. கத்தியும் பசையும் பிடிக்காதவர் வடிவமைப்பாளரே அல்லர் என்று அன்று பேசியவர்களின் அச்சம் பெருமளவு பொய்த்துப் போனது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று வந்த கருவி, தனக்கென ஒரு கற்றல் வழியையும் கொண்டுவந்தது. லேயர்களைக் கையாள்வது, வளைகோட்டின் பிடிகளை இழுப்பது, எழுத்துருவின் இடைவெளிகளை எண்களால் அமைப்பது என்று தொடக்கநிலையிலிருந்து தேர்ச்சி நோக்கிப் படிப்படியாக ஏற இடமிருந்தது. பழைய படிகள் உடைந்த இடத்தில் புதிய படிகள் இருந்தன. இப்போது வந்திருப்பது முதல் நாளிலேயே மாடியில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. நல்ல கட்டளைச் சொற்களை எழுதுவதும் ஒரு திறமைதான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வந்திருக்கும் படங்களில் எது சரி என்று சொல்லும் தகுதியை அந்தத் திறமை தருவதில்லை.

இதற்கு வழி கருவியை ஒதுக்குவதில் இல்லை. வடிவமைப்பு கற்பிக்கும் கல்லூரிகளும் பயிற்சி தரும் அலுவலகங்களும் மதிப்பிடும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். முடிந்த வடிவத்துக்கு மட்டும் மதிப்பெண் தந்த காலம் முடிந்துவிட்டது. முடிந்த வடிவம் இப்போது எவருக்கும் கிடைக்கும். மாணவர் எவற்றை முயன்று கைவிட்டார், ஏன் கைவிட்டார் என்பதைக் கேட்க வேண்டும். என் வகுப்பில், கருவி தந்த படத்தை வைத்துக்கொண்டு அதையே பென்சிலால் மீண்டும் வரையச் சொல்கிறேன். வரையத் தொடங்கியதும், வெளிச்சம் இரண்டு பக்கமிருந்து வருகிறது, நாற்காலியின் ஒரு கால் தரையைத் தொடவில்லை, விரல் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். திரையில் பார்த்தபோது கண்ணில் படாதவை அவை. அலுவலகங்களும் சில வேலைகளை, கருவி விரைவாக முடித்துவிடும் என்று தெரிந்தே, புதியவர்களின் கையில் விட்டுவைக்க வேண்டும். அதற்குச் செலவாகும். அந்தச் செலவைப் பயிற்சிச் செலவாக ஏற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஊதியத்தைப் பற்றியும் சில சொற்கள். எங்கள் தொழிலில் கட்டணம் நீண்ட காலமாகச் செலவிட்ட நேரத்தையும் தந்த மாதிரிகளின் எண்ணிக்கையையும் வைத்தே பேசப்பட்டு வந்தது. அது வசதியான ஏற்பாடு என்று நாங்களும் ஏற்றுக்கொண்டோம். இப்போது ‘கருவி ஐந்து நிமிடத்தில் செய்கிறதே’ என்று வாடிக்கையாளர் கேட்கும்போது பதில் சொல்ல முடியாமல் நிற்கிறோம். மிச்சமான நேரம் யோசிப்பதற்குக் கிடைத்திருக்க வேண்டும். நடைமுறையில் கெடு சுருங்கியது, கேட்கப்படும் மாதிரிகள் பெருகின. மூன்று மாதிரிகளை ஆழ்ந்து பார்த்துத் தேர்ந்தெடுத்த குழுக்கள் இன்று முப்பதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் களைத்துப்போய் ஏதோ ஒன்றைச் சுட்டிக்காட்டுகின்றன. நாங்கள் பொறுப்பேற்பதற்குத்தான் கட்டணம் என்ற நிலைக்கு இந்தத் தொழில் வர வேண்டும். பொறியாளரிடம் வரைபடத்தின் பக்க எண்ணிக்கையைப் பார்த்து யாரும் பேரம் பேசுவதில்லை.

இந்தக் கருவிகள் எதிலிருந்து கற்றன என்பதையும் பேசாமல் விட முடியாது. ஸ்டேபிள் டிஃப்யூஷனைப் பயிற்றுவிக்கப் பயன்பட்ட படங்கள், இணையத்திலிருந்து திரட்டப்பட்ட லயான்-5பி என்ற தொகுப்பின் பகுதிகள். அந்தத் தொகுப்பில் சுமார் 585 கோடிப் படங்களின் முகவரிகளும் அவற்றுக்கான விளக்கச் சொற்களும் இருந்தன. அவற்றை வரைந்தவர்களிடமும் எடுத்தவர்களிடமும் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. 2023 ஜனவரியில் அமெரிக்காவில் ஓவியர்கள் சிலர் இத்தகைய கருவிகளை உருவாக்கிய நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தனர். புகைப்படங்களைப் பயன்படுத்த உரிமம் விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனமும் அதே ஆண்டில் வழக்காடத் தொடங்கியது. நீதிமன்றங்கள் தத்தம் நாட்டுச் சட்டப்படி முடிவு செய்யட்டும். சட்டம் எதைச் சொன்னாலும், உயிரோடிருந்து வேலை செய்துகொண்டிருக்கும் ஓர் ஓவியரின் பெயரைத் தட்டச்சு செய்து அவருடைய பாணியில் படம் வாங்குவதும், அதனால் அவருக்கு வரவேண்டிய வேலையே இல்லாமல் போவதும் நேர்மையற்ற செயல் என்றே நான் கருதுகிறேன். ஒப்புதலும் ஊதியமும் இல்லாமல் எடுத்ததை முன்னேற்றம் என்று அழைக்க என் மனம் இடம் தரவில்லை.

வாடிக்கையாளர்கள் தங்கள் சொந்த நலனுக்காகவேனும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றும் உண்டு. கருவி உருவாக்கிய படங்களைக் கொண்ட ஒரு படக்கதை நூலைப் பற்றி 2023 பிப்ரவரியில் முடிவெடுத்த அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், எழுத்தும் அமைப்பும் ஆசிரியருடையவை என்று ஏற்றது. படங்களுக்குத் தனியாகப் பதிப்புரிமை தரவில்லை. கட்டளைச் சொற்களை எழுதுவது மட்டுமே ஒருவரைப் படைப்பாளர் ஆக்கிவிடாது என்று 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையிலும் அது கூறியது. வணிகக் குறியீட்டுச் சட்டம் வேறு வழியில் பாதுகாப்புத் தரலாம். ஆயினும் முழுக்க முழுக்கக் கருவியே வரைந்த ஒரு சின்னத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டால், அது என் படைப்பு என்று அங்கே வாதாடுவது கடினம். செலவைக் குறைக்க எண்ணி எடுத்த முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஒப்பந்தம் போடும் முன்பே இருதரப்பும் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. எந்தப் பகுதி கருவியால் செய்யப்பட்டது என்பதை எழுத்தில் தரும் கடமை வடிவமைப்பாளருக்கு உண்டு. அதை மறைத்து வேலை வாங்குபவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள், அவர்களை நான் ஆதரிக்கவில்லை.

கடைசியாக, தங்களிடம் நேரடியாக ஒரு கோரிக்கை. புகைப்படம் எடுத்தவரின் பெயரைத் தாங்கள் படத்துக்குக் கீழே அச்சிடுகிறீர்கள். கேலிச்சித்திரத்தில் ஓவியரின் கையொப்பம் இருக்கிறது. ஆனால் தகவல் வரைபடத்தை உருவாக்கியவர், சிறப்பிதழின் அட்டையை அமைத்தவர், கட்டுரைக்கான ஓவியத்தை வரைந்தவர் ஆகியோரின் பெயர்கள் நாளிதழ்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவற்றையும் அச்சிட வேண்டுகிறேன். படம் கருவியால் உருவாக்கப்பட்டதென்றால் அதையும் அதே இடத்தில், அதே எழுத்தளவில் குறிப்பிடுங்கள். ஒரு படம் எங்கிருந்து வந்தது, அதில் என்ன மாற்றம் செய்யப்பட்டது என்ற விவரத்தைப் படக் கோப்போடு சேர்த்து அனுப்பும் சி2பிஏ என்ற பொதுத் தரநிலைக்கான கூட்டமைப்பு 2021-லேயே உருவாகிவிட்டது. திரையில் வெளியாகும் தங்கள் பதிப்புக்கு அதைப் பயன்படுத்துவது குறித்துத் தங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் ஆராயலாம். ஒரு படத்துக்குப் பொறுப்பேற்றவர் யார் என்று வாசகர் தெரிந்துகொள்ள முடிந்தால், அதில் தவறு கண்டவர் யாரிடம் எழுதிக் கேட்பது என்பதும் தெரிந்துவிடும். இதற்கு அடுத்த இதழிலிருந்தே ஒரு வரி இடம் ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர், வடிவமைப்பாளர்